வெந்நீர் வைக்க ஆளில்லாத பெரிய வியாழன்

என் அன்பு அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் பெரிய வியாழன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். எனக்கு நேரில் பேச நாக்கு எழாது, எழுதத்தான் வரும். உனக்குத் தெரியாததா?

பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேருடைய பாதம் கழுவுவார். அதற்கு முன்பே, கோயிலின் பின்பக்கக் குழாயடியில், அதே பன்னிரண்டு பேரின் கால்களை நீ கழுவி அனுப்புவாய் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாரும் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை முடித்து நேராக வருகிறவர்கள். குதிகால் வெடிப்பெல்லாம் செம்மண். நீ அண்டாவில் வெந்நீர் வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, பழைய சேலைத் துணியால் துடைத்து விடுவாய். உள்ளே ஃபாதர் ஊற்றும் தண்ணீர் தெளிவாகவே தாம்பாளத்தில் விழும்.

போன வருடம் நீ என்னைக் கூப்பிட்டாய். "இந்தச் செம்ப மட்டும் புடி சாமி, குனிய முடியல."

"நான் வாசகம் வாசிக்கணும்மா. சேல நனைஞ்சிரும்."

"சரி, நீ போ கண்ணு." அவ்வளவுதான் சொன்னாய். அப்போதே உனக்கு உடம்பு முடியாமல் இருந்ததா? ஏன் சொல்லவில்லை?

இந்த வருடமும் நான்தான் வாசித்தேன். பாதம் கழுவும் சடங்குக்கு முன்னுரையாக, ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்ததைத் தப்பில்லாமல் வாசித்துவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேரும் பெஞ்சில் இருந்தார்கள். மத்தியானம் நல்ல மழை. ஃபாதர் ஊருக்குப் புதியவர், அவருக்கு எதுவும் தெரியாது. முதல் காலிலேயே தாம்பாளம் சிவந்தது. மூன்றாவது காலில் வெள்ளைத் துண்டு காவியானது. பாட்டுக் குழுவிலிருந்து ஒருவன், "குச்சிக்காட்டையே கூட்டியாந்துட்டாங்கடா" என்றான். பின்னால் சிரிப்பு.

நான்காவது ஆள் நம் சவரிமுத்து மாமா. தாம்பாளத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். மெதுவாகப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாங்க ஃபாதர். எங்காலு ஆவாதுங்க."

ஃபாதர் கெஞ்சிப் பார்த்தார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ஈரத் தரையில் வாசல்வரை அவர் கால்தடம்.

குழாயடியில் ஆளில்லை என்பது, அந்தப் பன்னிரண்டு பேரை விட்டால், அந்தக் கோயிலில் எனக்கு மட்டும்தான் தெரியும். பூசைக்கு முன்பே தெரியும். நான் எழுந்திருக்கவில்லை, அம்மா.

ஈஸ்டருக்கும் அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன்.

"என்ன கண்ணு, காலேஜ் படிச்ச புள்ள இந்தப் பக்கம்?"

"கோயிலுக்கு வாங்க மாமா."

கட்டிலில் இருந்தவர் வேட்டியை இழுத்துக் காலை மூடினார். "உங்கம்மா கழுவி உட்டா எனக்கே எங்காலு பாக்க நல்லாருக்கும். அது இருந்திருந்தா அத்தன பேரு முன்னாடி தல குனிஞ்சிருப்பனா?"

"தப்பு எம்மேலதானுங்க மாமா. தெரிஞ்சும் நான் குழாயடிக்கு வரலீங்க."

"உனக்கு என்ன கண்ணு, நீ வாசிக்கிற புள்ள."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

வருகிற வழியில் ஃபாதரைப் பார்த்து, அடுத்த பெரிய வியாழனுக்கு வாசிக்க வேறு ஆள் பார்க்கச் சொன்னேன்.

"ஏம்மா, நல்லாத்தானே வாசிக்கிற?"

"குழாயடியில வேல இருக்குங்க ஃபாதர்."

உன் அண்டா கோயில் பின்சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. அடியில் நீ வைத்த நார், காய்ந்து, உன் உள்ளங்கை அளவில். அண்டாவைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். குனிந்து எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு அண்டாவுக்கே இப்படி என்றால், பன்னிரண்டு பேருக்கு, இத்தனை வருடம், நீ எப்படி அம்மா?

மாமா திரும்பி வருவாரா? தெரியவில்லை. வராமலே போனாலும் முதல் செம்பு வெந்நீரை அவருக்கென்று எடுத்து வைப்பேன். ஆறிப்போனால் மறுபடியும் சுட வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சேலை நனையட்டும் என்று ஒரு வருடம் தாமதமாகச் சொல்கிற,
உன் மூத்த மகள்