உதவி கேட்ட வீட்டில் பிரியாணி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லிப்ட் மறுபடியும் கெட்டுவிட்டது. அரிசி மூட்டையோடு படியேறி வந்து, மூச்சு வாங்க இதை எழுதுகிறேன்.

காலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நஜ்வாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தனியார் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் அவளுக்கு ஃபார்ம் ஒன், இடைநிலைப் பள்ளி. இப்போது படிக்கிற வகுப்பில் நாற்பது பிள்ளைகள். இவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி மாறித் தெரிகிறதாம். டிஸ்லெக்சியா என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். வகுப்பு டீச்சருக்கு மட்டும் இன்னும் அது சோம்பேறித்தனம்தான். வாயிலே நல்லா வருது எனக்கு.

அந்தப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே வாசிப்பு டீச்சர் இருக்கிறார். ஒரு பையன் திக்கித் திக்கி ஒரு வரி வாசித்தான். எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள். வெளியே வந்ததும் நஜ்வா கேட்டாள்: "இங்க யாருமே சிரிக்கலையேம்மா?"

எப்படியாவது இவளை இங்கே சேர்த்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. கட்டண உதவி வேண்டுமா? ஆம், இல்லை.

நான் வேலை பார்க்கும் உம்ரா டிராவல்ஸ் முதலாளி முஸ்தஃபா அண்ணனின் மகன் அங்கேதான் படிக்கிறான். அவரிடம் கேட்டேன். "டிக் போடாதேம்மா. உதவி கேட்டவங்க ஃபாரத்தத் தனியா எடுத்து வச்சிருவாங்க. மொதல்ல சீட்ட வாங்கு, உள்ள போனப்புறம் கேளு லா," என்றார்.

பள்ளிக்கு போன் போட்டேன். சேர்க்கை அதிகாரி திருநாவுக்கரசு சார் பொறுமையாகப் பேசினார். "அது வேற கமிட்டி, இது வேற கமிட்டிம்மா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல."

யாரை நம்புவது?

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். சண்டை.

இவர் தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரிலிருக்கும் தொழிற்சாலைக்குப் போய் வருகிறார். வருஷ ஆரம்பத்திலிருந்து ஓவர்டைம் கிடையாது. ஃபெரியில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும், அங்கே வேலை படுத்துவிட்டதென்று. ஆனால் உதவி என்ற சொல்லைக் கேட்டதும் மனுஷனுக்கு முகம் மாறிவிட்டது.

"எங்க அத்தா துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு. யார்கிட்டயும் கை நீட்டல."

"நீங்க நீட்ட வேணாம். நான் நீட்டுறேன். எம் புள்ளைக்கு நான் நீட்டுவேன்."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். உள்ளே போன பிறகு பிள்ளையை நிறுத்திவைத்துப் பணம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? 'ஆம்' என்றே டிக் போட்டு அனுப்பினேன்.

செப்டம்பர் 3, புதன்

முஸ்தஃபா அண்ணனின் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. எங்களுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்கள். உதவி கேட்காதவர்கள். எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

செப்டம்பர் 9

இன்றும் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

கூப்பிட்டுவிட்டார்கள்! சனிக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். உதவி கேட்டவர்கள் வீட்டுக்கு மட்டும் வருவார்களாம். வீட்டைப் பார்த்துவிட்டு இடம், உதவி இரண்டையும் சேர்த்தே சொல்வார்களாம். சம்பந்தமே இல்லை என்றாரே? போகட்டும். வருகிறார்கள், அதுவே பெரிசு.

பாயான் பாருவிலிருக்கும் இவருடைய அக்கா ஷஹீதாவுக்குச் சொன்னேன். "பள்ளிக்கூடத்து ஆளுங்க மொதமொதல்ல வீட்டுக்கு வர்றாங்க. அந்தப் பிஞ்ச சோபாலயா உக்கார வைப்பே? நான் வர்றேன் இரு," என்றார்.

செப்டம்பர் 20, சனி

உடம்பெல்லாம் வலி. ஆனால் மனசு குளிர்ந்திருக்கிறது.

அக்கா விடியும் முன்பே தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கம்பளம், புதுத் திரைச்சீலை, சோபாவுக்கு உறை, அவருடைய பெருநாள் தட்டுகள், எல்லாம் வந்தன. ஆட்டிறைச்சியும் அவரே வாங்கி வந்தார். பிரியாணி, தால்ச்சா, அச்சார், ரோஸ் சர்பத். இவர்கூடப் பெருநாள் பாஜு சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். உதவி வேண்டாமென்று சண்டை போட்ட மனுஷன்!

திருநாவுக்கரசு சாரும் கூட ஒரு அம்மாவும் வந்தார்கள். ஆட்டிறைச்சி சாப்பிடுவாரோ என்னவோ என்று பயந்திருந்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த அம்மா திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க வீட்ட," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகும்போது டப்பாவில் வேறு கட்டிக் கொடுத்தோம்.

கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

அக்டோபர் 6, திங்கள்

இடம் உண்டு. உதவி இல்லை. 'குடும்பம் வசதியான நிலையில் இருப்பதாகத் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் முழுக் கட்டணத்துக்கும் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

ஐயோ, என் கையாலேயே ஆக்கிப் போட்டேனே! இல்லாத வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு இருக்கிற வீட்டைக் காட்டியிருக்கிறேன், மடச்சி.

அக்டோபர் 7

நேரிலேயே போனேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போய், கத்திவிட்டேன்.

"வீட்டுக்கு வந்த ஆளுக்குச் சோறு போட்டது தப்பா சார்? தண்ணி மீட்டர் பாக்க வர்றவருக்கே தேத்தண்ணி குடுக்காம அனுப்ப மாட்டோம். அது எங்க பழக்கம். அந்தச் சோபா உறை என் நாத்தனாரோடது. அந்தக் காடியும் அவங்களோடது!"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குப் புரியுதும்மா. கூட வந்தவங்க எழுதுறாங்களே, நான் என்ன செய்ய? உண்மையைச் சொல்லவா? உதவி கேக்கிறவங்களுக்குன்னு கொஞ்ச இடம்தான் ஒதுக்குறோம். கேக்காதவங்க பிள்ளை கொஞ்சம் மட்டமா இருந்தாக்கூட உள்ள வந்திரும். உதவியோட வேணும்னா உங்க பிள்ளை அந்தக் கொஞ்ச இடத்துக்குத்தான் போட்டி போடணும்."

"அப்போ போன்ல ஏன் சம்பந்தமே இல்லன்னீங்க?"

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மேல்முறையீடு எழுதிக் கொடுக்கச் சொன்னார். இன்னொரு தடவை வருவார்களாம். "இந்தத் தடவ ஒண்ணும் செய்யாதீங்க. எப்பவும் இருக்கிற மாதிரி இருங்க," என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

ஷஹீதா அக்கா டிவியை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைக்கச் சொல்கிறார். பிள்ளைக்குக் கிழிந்த கவுனைப் போடச் சொல்கிறார். பாவம், தன்னால் கெட்டதென்று அவருக்குத் தூக்கமில்லை. நான் முடியாது என்றுவிட்டேன். வசதியாக நடித்தது போதும். இனி ஏழையாகவும் நடிக்க வேண்டுமா? எங்களுக்கு இருப்பது இவ்வளவுதான். அதை அப்படியே பார்த்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 18, சனி

வந்தார்கள். அதே அம்மா. சாருக்கு வேறு வேலையாம், ஒரு இளம்பெண்ணை அனுப்பியிருந்தார்.

பிஞ்சுபோன சோபாவில் உட்கார்ந்தார்கள். இவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா, "பிரிட்ஜத் தொறந்து பாக்கலாமா?" என்று கேட்டார். திறந்தேன். கொஞ்சம் முட்டை, பாதி முட்டைக்கோஸ், நேற்றைய மீன் குழம்பு. அவர் குனிந்து கீழ்த்தட்டு வரைக்கும் பார்த்தார். இவர் வெளியே போய் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தேத்தண்ணி கொடுக்கவில்லை. கொடுத்தால் அதையும் எழுதுவார்களோ என்று பயம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வாசலை விட்டு ஒருவரும் வெறும் வாயோடு போனதில்லை. வெயிலில் படியேறி வந்தவர்களுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த இளம்பெண்ணுக்கு இருமல் வந்தது. அப்போதும் நின்றேன்.

யா அல்லாஹ், என்ன பொம்பளை நான்.

அக்டோபர் 19

இவர் காலையிலேயே வெளியே போனவர், இருட்டின பிறகுதான் வந்தார்.

அக்டோபர் 29, புதன்

கிடைத்துவிட்டது! பெரும்பகுதியைப் பள்ளியே ஏற்கிறது. மீதியை எங்களால் கட்டிவிட முடியும். அல்ஹம்துலில்லாஹ். நஜ்வா கட்டிலில் ஏறிக் குதித்தாள், கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டுகிற வரைக்கும்.

இவர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "நல்லது," என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 12, திங்கள்

முதல் நாள். இவர்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். வாசலுக்குப் போகாமல் முந்தின திருப்பத்திலேயே இறக்கிவிட்டாராம். "அத்தாவுக்கு வேலைக்கு லேட்டாயிருச்சாம்," என்றாள் நஜ்வா. இன்று அவருக்கு மத்தியான ஷிப்ட். 

பிப்ரவரி 9

வாசிப்பு டீச்சர் வரிக்கு அடியில் வண்ண அட்டையை வைத்து வாசிக்கச் சொல்லித் தருகிறார். எரிச்சல் வந்தால் நஜ்வா அட்டையைத் தூக்கி எறிகிறாள். மறுபடி எடுத்து வைத்துக்கொள்கிறாள்.

மார்ச் 30, திங்கள்

பள்ளியிலிருந்து ஒரு கடிதம். நன்கொடையாளர்களுக்குச் சனிக்கிழமை விருந்தாம். உதவி பெறும் பிள்ளைகள் சார்பில் நஜ்வா நன்றி சொல்லி வாசிக்க வேண்டுமாம். வாசிக்க வேண்டியதை அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

 திருநாவுக்கரசு சாருக்கு போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட நினைத்தேன். நஜ்வா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "டீச்சர் என்னைத்தாம்மா தேர்ந்தெடுத்தாங்க. வேற யாரையும் இல்ல."

ஏப்ரல் 2, வியாழன்

மஃரிப் தொழுகை முடிந்து இவர் வந்து உட்கார்ந்திருந்தார். நஜ்வா கூடத்தின் நடுவில் நின்று தாளைப் பிடித்தாள். வேண்டாம், அத்தா முன்னால் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

இங்கிலீஷில் வாசித்தாள். 'நான் வறிய குடும்பத்தைச் சேர்ந்தவள். என் பெற்றோரால் எனக்கு நல்ல கல்வி தர இயலவில்லை. உங்கள் இரக்கத்தால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.' இப்படியே ஒரு பக்கம். நான் இவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரி வந்து, நன்றி என்று முடித்தாள்.

பிறந்ததிலிருந்து இவள் ஒரு முழுப் பக்கத்தை வாசித்து நான் கேட்டதில்லை.

"அத்தா, ஒரு எடத்துலகூட நிக்கல! பாத்தீங்களா?"

இவர் தொழுகைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். 

"இன்னொரு தடவ வாசிம்மா," என்றார்.

அவள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.