ரோஸ் நிறமான பாட்டில்

ஜூலை 8
அலமாரியில் ஒரு பாட்டில் மட்டும் ரோஸ் நிறமாகியிருந்தது. அடியில் கடல் சேறு, மேலே தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் ரோஸ். மற்ற மூன்றும் நிறமில்லாமல் இருந்தன. அழகாக இருக்கிறதே என்று அதை முன்னால் எடுத்து வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன்.

ஜூலை 9
அது அழகு இல்லையாம். எமில்டா அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த ஆய்வுக்கூடத்தில் சேற்றை ஆராய்வது அவர்தான். பாட்டில் கழுவிக் கூட்டித் துடைப்பது நான். உள்ளே காற்று புகுந்தால் தெரியட்டும் என்றுதான் தண்ணீரில் காற்று பட்டால் ரோஸாகிற ஒரு மருந்தைக் கலக்கிறார்களாம். காற்று பட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது? கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாட்ச்மேன் வீரபாகு அண்ணாச்சிதான் கேட்டார்.

"உயிர் இருக்கு அண்ணாச்சி. கடலுக்கு அடியில தரை இருக்குல்லா, அதுக்கும் கீழ அரை கிலோமீட்டர். கப்பல்ல இருந்து துளை போட்டு எடுத்தது. கண்ணுக்குத் தெரியாது."

"அங்கன சோத்துக்கு என்ன செய்யும்?"

"துளியூண்டு போதும். ஒண்ணு ரெண்டாகவே நூறு வருஷம் ஆகும்."

"நம்ம ஸ்டெபி வாயத் தொறக்க மாதிரின்னு சொல்லுங்க."

என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜூலை 13
ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. அதனால்தான் பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். இந்தச் சேற்றை யாரும் அவசரப்படுத்துவதில்லை. அக்கா அலமாரிக் கதவைத் திறந்து, "நல்லா இருக்கியளா?" என்று மிச்சமிருக்கும் மூன்று பாட்டிலையும் விசாரிக்கிறார். அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஜூலை 26
மாதா கோயில் கொடியேற்றம். அவ்வளவு கூட்டத்திலும் பாட்டில் நினைப்பு. எனக்கு என்ன ஆயிற்று?

ஜூலை 29
காலையில் இன்னொரு பாட்டிலின் கழுத்தில் லேசாக ரோஸ் வளையம். அக்கா ஹாலில் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். எத்தனை தலை — திரும்பிப் போயிருவோமா? போனா அது செத்துருமே.

உள்ளே போனேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"ரோஸ்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அக்கா பேச்சைப் பாதியில் விட்டு ஓடினார். ரப்பர் மூடியை மாற்றி, காற்றை வெளியேற்றி, ஊசியால் ஏதோ மருந்து ஏற்றினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ரோஸ் வெளுத்து வெளுத்து, போயே போய்விட்டது.

"ஏளா, தப்பிச்சிட்டுளா," என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

ஆகஸ்ட் 6
திருவிழா லீவு முடிந்து வேலைக்கு வந்தேன். தப்பித்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தார் அக்கா. "மொதல்ல நீ பாரு."

கறுப்பு. கறுப்புக்குள் பச்சையாக மின்னும் புள்ளிகள், நாலைந்து. இத்தனை காலம் யாருமே பார்க்காதவை.

"பாத்தாச்சா?" என்றார் அக்கா. பின்னால் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"இல்லக்கா, இன்னும் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.