உன் நோட்டும் என் நோட்டும்

அக்காவுக்கு,

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, என் மகள் தினம் எத்தனை முறை அடிக்கிறாள், கடிக்கிறாள் என்று நம் இருவரையும் தனித்தனி நோட்டில் குறிக்கச் சொன்னாரே டாக்டர். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் உன் நோட்டில் எப்போதும் பூஜ்யம். பெற்றவளுக்கு வயிறு எரியாதா? நானும் பூஜ்யமே போட்டேன். பல் தடம் தெரியாமல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டேன்.

"மருந்து நல்லா கேக்குது, இதையே குடுங்க" என்றார். இரண்டு மாதம் பிள்ளை வீணாகத் தவித்தாள்.

போன மாதம் அவரிடம் சட்டைக் கையைச் சுருட்டித் தடங்களைக் காட்டினேன்.

"ஏம்மா மறைச்சீங்க?"

உன் பூஜ்யத்தின் மேல் பொறாமை என்று சொல்ல வாய் வரவில்லை. மருந்தை மாற்றினார்.

இன்று அவளே என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். உன்னிடம் எப்போதாவது இப்படிச் செய்திருக்கிறாளா? செய்திருந்தால் சொல்லாதே.

உன் தங்கை