மயினியின் கொண்டை ஊசி

1951, ஐப்பசி 9

சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு விளையில் பன்றி இறங்கிவிட்டது. அண்ணன் போய் மாமாவின் துப்பாக்கியை வாங்கி வந்தான். தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டது. அவன் குழலை முகத்துக்கு நேரே திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தான்.

அவன் பெண்டாட்டி, என் மயினி, பாய்ந்து வந்து பிடுங்கினாள். "ஏட்டி, பின்னால போ!" என்று எனக்கும் ஓர் அதட்டல். அந்தக் குரலை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. குழலைத் தரைக்குச் சாய்த்துத் திறந்து, கொண்டை ஊசியால் தோட்டாவை நெம்பி எடுத்தாள். ஊசி விரலில் ஏறிவிட்டது.

"யாரு மயினி இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"ஒங்க அண்ணனாக்கும்."

அவனைப் பார்க்காமல்தான் சொன்னாள். அப்படியென்றால் அவனுக்கு ஏன் தெரியவில்லை?

மலேயாவில் இரண்டு பேருமே படையில் இருந்தவர்கள். இவன் பர்மா எல்லையில் சண்டை போட்டானாம், அவள் பெண்கள் படையில் சோறு வடித்தாளாம். நாலு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் இவன்தான். மயினி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

விரலில் கட்டுப் போட்டிருந்ததால் இன்று ராத்திரி அவளால் பானையைத் தூக்க முடியவில்லை. அடுப்படிப் பக்கமே வராத அண்ணன் எழுந்து போய், அந்தப் பெரிய பானையை ஒரே சாய்ப்பில் வடித்து வைத்தான்.

ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை.