கூடுதலாகக் கொடுத்த பதினோரு நாள்

காங்கேயம் தாண்டும்போது இன்று பஸ்ஸுக்குள் கொப்பரை வாசனை ஏறியது. உடனே உன் நினைப்பு, கூடவே எரிச்சல். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் மேல் பொறாமைப்படுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் கோவையில் ஒரே சீனியரிடம் வக்கீல் தொழில் பழகினோம். காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஒருவருக்குக் கலப்பட வழக்கில் இரண்டு வருடத் தண்டனை. ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருந்தார். அப்பீல் என் கையில். வழக்குக் கட்டை இரண்டு மாதம் வரி வரியாகப் படித்தேன். நீயோ ஒரு மதியம், வலது கையில் தயிர்சாதம், இடது கையால் அதைப் புரட்டினாய்.

"ஏன் அம்மணி, சாம்பிளுக்கு எண்ணெய் எடுத்தது எப்ப, கேஸ் போட்டது எப்பன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. வழக்குத் தாக்கலான தேதியையே குற்றத்தின் தேதியாக வைத்து வாதம் எழுதியிருந்தேன். இரண்டுக்கும் நடுவில்தான் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியிருந்தார்கள். சோதனைக்கு மாதிரி எடுத்த நாளில் அதிகபட்சமே ஆறு மாதம். குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கு முதல் நாள் அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

"அந்த மனுசனுக்கு ஆறு மாசம் நேத்தோட முடிஞ்சுபோச்சு. இன்னைக்கே மனு போட்டுரு," என்றாய்.

எனக்கு வயிறு எரிந்தது. "யாரு கண்ணு கண்டுபுடிச்சது?" என்று சீனியர் கேட்பாரே, உன் பெயரைச் சொல்ல வேண்டுமே. எனக்கென்று ஒரு பாயிண்டாவது சிக்கட்டும் என்று கட்டை மறுபடி புரட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் சிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மனுப் போட்டேன். நீதிபதி அன்றே அவரை விடச் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுங்க வக்கீலம்மா," என்று அழுதார். நீ பக்கத்து மேஜையில் இருந்தாய். அவர் போனபின் மெதுவாகக் கேட்டாய்.

"ஏன் அம்மணி இத்தன நாளு?"

"தீர்ப்பு நகல் கெடைக்கலை," என்றேன்.

"அப்படியா," என்றாய். அந்தக் கட்டுக்குள்ளேயே நகல் இருந்தது உனக்குத் தெரியும். சண்டை போட்டிருக்கலாம் நீ. அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குப் பொறாமைதான்.

இப்போது ஜூனியர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லும்போது உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். தாமதத்தை மட்டும் சொல்வதில்லை. பின்னால் வந்த சட்டம் கூட்டியதை நீ கழித்தாய். எந்தச் சட்டத்திலும் இல்லாத பதினோரு நாளை அவருக்குக் கொடுத்தவள் நான்.