காகிதச் சுருளின் ஓரத்தில் ஒரு பெயர்

பலையான் பள்ளிக்கூட முகாம்,
செவ்வாய், 8 ஜூலை 1986

அன்புள்ள சுகெங் அண்ணாவுக்கு,

தங்கை லஸ்திரி சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நலம் என்று எழுத ஆசைதான். ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம். கரும்பலகைக்குக் கீழே எங்கள் பாய். உங்களுக்கு அரிசி கொண்டுவரும் லாரிக்காரர் பர்ஜோவிடம் சோயா டெம்பே வறுத்துக் கொடுத்திருக்கிறேன். போன தடவை போல மூடி வைத்து வீணாக்காமல் அன்றைக்கே சாப்பிடுங்கள்.

எரிமலை பொங்கப் போகிறது, நம் ஊர்ப் பேச்சில் மலை வீட்டில் விசேஷம், எல்லாரும் கீழே இறங்குங்கள் என்று சொல்லி இன்றோடு பதினைந்து நாள். உங்கள் மாப்பிள்ளையைத்தான் என்னால் கட்டிவைக்க முடியவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பாய் காலியாக இருக்கிறது. மதியம் அழுக்காக வந்து நிற்கிறார். கேட்டால் சூளையில் செங்கல் ஏற்றுகிறேன் என்கிறார். புகையிலை கிள்ளும் பருவம் இது. அந்தச் செடிகளை விட்டுவிட்டு அவர் செங்கல் தூக்குவாரா? மேலே போக மாட்டேன் என்று தொழுகை விரிப்பில் உட்கார்ந்து எனக்குச் சத்தியம் செய்தவர். ஆனால் சேவல் சண்டைக்குப் போய்விட்டு மசூதிக்குப் போனேன் என்று சொன்னவரும் அவர்தானே.

எங்கள் புகையிலைக் காட்டு வரப்பில்தான் மலையின் அதிர்வை அளக்கும் உங்கள் அதிர்வுமானியைப் புதைத்து வைத்திருக்கிறீர்கள். அவர் நடந்தால் உங்கள் ஊசி ஆடும் என்று எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்! பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா. அப்பா போனதிலிருந்து எனக்கு உங்கள் வார்த்தைதான் வார்த்தை. அவர் உயிரோடு இருந்தால் போதும், புகையிலை நாசமாய்ப் போகட்டும்.

உங்கள் தங்கை,
லஸ்திரி

*

கண்காணிப்பு நிலையம்,
ஞாயிறு, 13 ஜூலை

அன்புத் தங்கை லஸ்திரிக்கு,

டெம்பே வந்தது, அன்றைக்கே தீர்ந்தது. உப்பு வழக்கம்போல இரண்டு கை. என் இரத்தக் கொதிப்பு உனக்கு நினைவிருந்தால் சரி.

உடனே எழுதாமல் ஐந்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன், தப்பு வரக் கூடாதென்று. இங்கே காகிதச் சுருள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஊசி எழுதிக்கொண்டே இருக்கும். மலை உள்ளே பாறையை உடைத்தால் ஒரு விதமாக எழுதும், மேலே கல் உருண்டால் ஒரு விதம். மனிதன் நடந்தால் சின்னச் சின்னதாக, மெலிதாக ஆடும். நான்கு வருடமாகக் காலை ஆறு மணிவாக்கில் அந்தக் காட்டிலிருந்து வரும் ஆட்டத்தைப் பார்த்து வருகிறேன். அது வந்தால் பென்சிலால் ஓரத்தில் ‘வகிமான்’ என்று எழுதிவிட்டு, அன்றைய அதிர்வுக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவேன். இல்லாவிட்டால் நகரத்து அலுவலகத்தில் உன் புருஷனையும் எரிமலையில் சேர்த்துவிடுவார்கள்.

ஊர் காலியான முதல் வாரம் அந்த ஆட்டம் இல்லை. மூன்றாம் தேதியிலிருந்து மறுபடி வருகிறது. நேரம் கொஞ்சம் முன்னே பின்னே, ஆனால் காலையில் தினமும் உண்டு. இன்று ஆறு நிமிடம். செடி செடியாகக் குனிந்து கிள்ளுகிறார் போலிருக்கிறது. அவர்தான். சந்தேகம் வேண்டாம்.

பிடித்து வை லஸ்திரி. நாங்கள் கண்ணாடி வைத்து ஒளி பாய்ச்சி மலை விளிம்பு வரை தூரம் அளக்கிறோம். பத்து நாளில் தூரம் ஒரு சாண் குறைந்திருக்கிறது. மலை நம் பக்கம் வயிறு தள்ளுகிறது என்று அர்த்தம்.

உன் அண்ணன்,
சுகெங்

*

பலையான் முகாம்,
திங்கள், 14 ஜூலை

அண்ணா,

ஐந்து நாளுக்கொரு சந்தை, அந்தச் சந்தை நாளில்தான் லாரி. வெள்ளிக்கிழமை வரை இந்தக் கடிதம் என் மடியில் இருக்கும். இருந்தாலும் இப்போதே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

நேற்று சாயங்காலம் சோற்று வரிசையில் நின்றவரை எல்லார் முன்னாலும் கேட்டேன். உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். நாலு பேர் சிரித்தார்கள். “வகிமான், உன் கால் தந்தி அடிக்குதாமே!” என்றான் ஒருத்தன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“செங்கல் தூக்கினேன்னு சொன்னேனே, கேட்டியா?”

“அண்ணன் பொய் சொல்லுவாரா?”

“உங்கண்ணன் சொல்ல மாட்டார். நான்தான் சொல்லுவேன். அப்படித்தானே? ஊசி நான் அங்க இருக்கேன்னு சொல்லுதுல்ல? சரி, அங்கயே இருந்துட்டுப் போறேன்.”

விடிந்ததும் போய்விட்டார். சிப்பாய்கள் நிற்கும் பாதையில் இல்லை, ஓடை வழியாக. நான் சூளைக்கு ஓடினேன். சூளைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பன்னெண்டு நாளா முதல் ஆளா வர்றது உன் வீட்டுக்காரன்தாம்மா. குளிர் தாங்காதுன்னு உனக்கு ஒரு கம்பளி வாங்கணுமாம், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு.”

அண்ணா, அவர் சட்டையைத் தினமும் நான்தான் துவைத்தேன். தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடியது. நம் காட்டு மண் கறுப்பு. அது கூடவா எனக்குத் தெரியாது? தெரிந்தும் உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன்.

அவர் வரவே இல்லையென்றால் நீங்கள் பார்த்தது யாரை? எப்படியாவது அவரைக் கீழே அனுப்புங்கள்.

லஸ்திரி

*

கண்காணிப்பு நிலையம்,
வெள்ளி, 18 ஜூலை

லஸ்திரி,

உன் கடிதம் காலை ஒன்பதரைக்கு வந்தது. நான் பார்த்தது யாரை என்று நீ கேட்டதைப் படித்ததும், மூன்றாம் தேதியிலிருந்து எல்லாச் சுருளையும் தரையில் விரித்தேன். ‘வகிமான்’ என்று எழுதிய ஒவ்வொன்றையும் கணக்கில் சேர்த்துக் கூட்டினேன். இரண்டு நிமிடம், மூன்று, ஆறு, இன்று பதினொன்று. ஒரு மனிதனின் நடை நாளுக்கு நாள் நீளுமா? பார்க்கிறவனுக்குப் புத்தி வேண்டாமா? தெரிந்த ஆள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அது மலை. உள்ளே இருக்கும் நெருப்புக் குழம்பு மேலே, மிக மேலே வந்துவிட்டது.

பத்து மணிக்கு நகரத்துக்கு ரேடியோவில் சொன்னேன். உடனே சங்கு ஊதச் சொன்னார்கள். புல்லறுக்க ஒளிந்து ஏறியிருந்தவர்கள் மூன்று ஊரிலிருந்தும் இறங்கிவிட்டார்கள். இருநூறு பேருக்கு மேல் இருக்கும்.

பிறகு மோட்டார் சைக்கிளில் உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புகையிலை இலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான். ஊசி இன்னைக்கு என்ன சொல்லுது? நான் வீட்ல இருக்கேனா, காட்லயா?”

“தப்பு என்னோடது மாப்ள. நீங்க வரவே இல்ல. அது மலை. வண்டில ஏறுங்க, பேச நேரமில்ல.”

“இத முகாம்ல, அந்தச் சோத்து வரிசைல நின்னு சொல்லுவீங்களா?”

“சொல்றேன். கால்ல விழுந்து சொல்றேன்.”

“நீங்க விழ வேணாம். பெரியவங்க. அவ வந்து கூப்பிடட்டும், வரேன்.”

கையைப் பிடித்து இழுத்தேன். உன் புருஷன் என்னைவிடப் பலசாலி. கூட இரண்டு பேரை அழைத்துப் போயிருந்தால் தூக்கி வந்திருக்கலாம்.

நீ கிளம்பி வராதே. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதி பர்ஜோவிடம் கொடு, நாளை சந்தை நாள் இல்லாவிட்டாலும் வரச் சொல்லியிருக்கிறேன். நானே கொண்டுபோய்க் காட்டி இறக்கிவிடுகிறேன். நகரத்துக்கும் சிப்பாய்களுக்கும் ஊர் காலி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒருத்தர் இருக்கிறார் என்றால் யார் என்பார்கள், ஏன் என்பார்கள், சிப்பாய் வந்து அவரைக் கட்டி இழுத்துப் போவான். பட்ட அவமானம் போதும் அவருக்கு.

சுகெங்

*

பலையான்,
புதன், 27 ஆகஸ்ட்

சுகெங் அண்ணாவுக்கு,

பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு நீங்கள் எழுதிய நான்கு கடிதமும் வந்தன. இன்று அவருக்கு நாற்பதாம் நாள். துவா முடிந்து, வந்தவர்களுக்குச் சோறு கொடுத்து அனுப்பிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

சுதந்திர தினத்தன்று மேடையில் உங்களுக்குப் பட்டயம் கொடுத்தார்களாம். முகாமில் எல்லாரும் உங்களை வாழ்த்துகிறார்கள். என் பாய்க்குப் பக்கத்துப் பாய்க்காரி, உங்கள் சங்கு கேட்டுத்தான் தன் மகன் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தான் என்று அழுதுகொண்டே சொன்னாள். உண்மைதான். அதை நான் மறுக்க மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் தேதி காலை நான் வரி எழுதிக் கொடுக்கவில்லை. பர்ஜோவின் லாரியில் நானே ஏறி வந்தேன். அவள் வந்து கூப்பிடட்டும் என்றாரே, நான்தானே வர வேண்டும்? தடுப்புக்கட்டையில் சிப்பாய்கள் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் மேலே இருக்கிறார், ஒருத்தர் மட்டும் கூட வாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பெரிய சிப்பாய் நல்ல மனிதர். காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

“மேல யாரும் இல்லம்மா. ஊர் காலின்னு நிலையத்துலேர்ந்து எழுத்துல வந்திருக்கு. சுகெங்னு பேர் போட்டிருக்கு பாருங்க. அவருக்குத் தெரியாதா?”

அவர்களிடம் ஜீப் இருந்தது அண்ணா. ஊருக்குக் கால் மணி நேரப் பாதை. நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்று கெஞ்சினேன். பைத்தியக்காரி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒன்பது மணிக்கு, மலை உச்சியில் செம்மறிக் கூட்டம் போல நெருப்பாய்ச் சுடும் புகை திரண்டு, நம் ஓடை வழியாக இறங்கி, ஊர் மேல் படிந்தது. சத்தம் கூட அதிகம் இல்லை. சிப்பாய் என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு கீழே ஓட்டினார்.

கட்டி இழுத்து வந்திருந்தால் அவமானப்பட்டிருப்பார். என்னோடு ஒரு மாதம் பேசியிருக்க மாட்டார். பேசாமலே இருந்திருக்கட்டுமே.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. சிவப்புத் தண்ணீரைப் பார்த்தவள் நான். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பங்கு வேறு. அவர் அங்கே இல்லாதபோது இருக்கிறார் என்று எழுதினீர்கள். இருந்தபோது யாரும் இல்லை என்று எழுதினீர்கள். முதலாவது தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்து.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறையுங்கள். இனி எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

வகிமான் மனைவி,
லஸ்திரி