பேட்டரிக்குச் சந்தனம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று சிதம்பரத்தில் எங்கள் முதியோர் கல்வி வகுப்புக்குப் பரீட்சை. நான் எழுதவில்லை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மனைவியின் தம்பி தன் ஆட்டோவில் அழைத்துப் போனான். கீரப்பாளையம் தாண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கியதும் வண்டி செத்துவிட்டது. விளக்கு, ஹாரன், எதற்கும் உயிர் இல்லை. ஃபியூஸைப் பார்த்தான், சாவியை ஊதினான், வண்டியைத் திட்டினான்.

"பேட்டரியப் பாருடா மச்சான்."

"அதெல்லாம் சுத்தமா இருக்குது மாமா. ஆயுத பூஜைக்கு நான்தான் கயட்டித் தொடச்சி, சந்தனம் வெச்சி மாட்டுனேன்."

"எங்கடா வெச்ச?"

"ரெண்டு கொம்புலயும்தான்."

காய்ந்த சந்தனம் பேட்டரிக் கொம்புக்கும் ஒயர் கிளிப்புக்கும் நடுவில் உட்கார்ந்து கரண்டை மறித்திருந்தது. சுரண்டி மாட்டியதும் ஹாரன் அலறியது. போய்ச் சேர்வதற்குள் வகுப்பைப் பூட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் முறுக்கோடு சமாதானத்துக்கு வந்தான். "உன்னோடு பேச மாட்டேன்" என்று தாளில் பெரிதாக எழுதி நீட்டினேன். ஒரு பிழை இல்லை. அவன் பள்ளிக்கூடம் போகாதவன். தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்னா மாமா போட்டிருக்குது?" என்றான்.

நானே படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.